மதுரையிலிருந்து குல்மார்க் போய் ஸ்னோமொபைல் ஓட்ட: இரண்டு முறை அலைந்தவன் சொல்வது

பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலை நான் ஓட்டியது மொத்தமே நாற்பது நிமிடம் இருக்கும். அதற்காகக் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை குடும்பத்தோடு ஐந்து பேர். போன் செத்தது, கேபிள் காருக்கு டிக்கெட் இல்லை, ஸ்னோமொபைல் என்று நம்பி வேறொரு வண்டியில் ஏறினோம். கடைசியில் தால் ஏரியில் படகில் உட்கார்ந்திருந்தபோது மாமியார் சொன்னார்: "இதுக்கு நம்ம கொடைக்கானலுக்கே போயிருக்கலாம்ல மாப்ளே."

அடுத்த வருடம் நானும் மச்சானும் மட்டும் போனோம். எல்லாம் சொன்னபடி நடந்தது. இரண்டு பயணத்துக்கும் நடுவில் என்ன மாறியது என்று யோசித்தால், கிட்டத்தட்ட எல்லாமே மதுரையை விட்டுக் கிளம்பும் முன் செய்திருக்க வேண்டிய வேலைகள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி மதுரையிலேயேதான் நடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

குல்மார்க்கில் எல்லாவற்றுக்கும் பெயர் "பைக்"தான். "ஸ்னோ பைக் சார், ஸ்னோ பைக்" என்று அழைத்துப் போய் நாலு சக்கர ஏடிவியில் ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு அதுதான் நடந்தது. தடித்த டயர் போட்ட அந்த வண்டியை நம்மூர் மணலிலேயே ஓட்டிவிடலாம்.

ஸ்னோமொபைலுக்குச் சக்கரமே கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ஒரே ஒரு ரப்பர் பட்டை. பீரங்கி வண்டியின் செயின் மாதிரி அது சுற்றிச் சுற்றிப் பனியைப் பின்னால் தள்ளும். கியர் கிடையாது. ஸ்கூட்டியில் இருக்கும் பெல்ட் டிரைவ்தான், ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் போகும். ஆள் ஏறாமலேயே 200 கிலோவைத் தொடும். பணம் பேசும் முன் வண்டியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டை: இந்த இரண்டும் இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

2. தேதி: தெப்பத்துக்குப் பிறகு போங்கள்

நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு, அரையாண்டு விடுமுறையில் போவது. நானும் அதைத்தான் செய்தேன். டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டம் அள்ளும், ஹோட்டல் வாடகை ஏறியிருக்கும், பனி மட்டும் விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம்.

காஷ்மீரிகளின் குளிர்காலக் கணக்கு நம் மாதக் கணக்கு மாதிரியே தெளிவானது. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் சில்லை கலான், அதாவது பெருங்குளிர். அடுத்த இருபது நாள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. பெருங்குளிரில் விழும் பனி அடுக்கடுக்காகச் சேர்ந்து பிப்ரவரியில்தான் வண்டி ஓட்டத் தோதான கனத்துக்கு வரும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டு, தெப்பக்குளத்தில் மீனாட்சி தெப்பம் சுற்றி முடிந்த பிறகு கிளம்புங்கள். மாசி பாதி வரை நல்ல காலம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

தேதியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லாமல் காய்ந்த புல்தான் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். பனி குறைந்தால் வழுக்காது என்பதோடு போகாது. பெரும்பாலான ஸ்னோமொபைல்களில் எஞ்சின் சூட்டைத் தணிப்பதே பட்டை வாரி அடிக்கும் பனிதான். அடியில் இருக்கும் சறுக்குப் பட்டிகளுக்கும் அந்தப் பனிதான் எண்ணெய் மாதிரி. மெல்லிய பனியில் ஓட்டினால் வண்டி சூடேறி நின்றுவிடும். முதல் பயணத்தில் எங்கள் கண் முன்னால் ஒரு வண்டி அப்படி நின்றது. இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

தேதி மாற்ற முடிகிற விமான டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து குல்மார்க் வானிலையைப் பார்த்துவாருங்கள். தங்கப்போகும் இடத்துக்கு வாட்ஸப்பில் "இன்று காலை எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள்" என்று கேளுங்கள். "பனி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

3. பெயர், ஆதார், சிம்

இந்த மூன்றும்தான் எங்களைக் கவிழ்த்தவை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து சரிபாருங்கள்.

பெயர்: நமக்கு இருப்பது இனிஷியல். விமான டிக்கெட் படிவம் கேட்பது குடும்பப் பெயர். என் மனைவியின் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அந்த எழுத்தை விட்டுவிட்டு, பெயரையே இரண்டு தடவை அடித்துவிட்டார். விமான நிலைய வாசலில் காவலர் ஆதாரையும் டிக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. விட்டார்கள், ஆனால் எப்போதும் விடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆதாரில் இனிஷியல் விரித்து எழுதியிருந்தால் அதே மாதிரி போடுங்கள். ஓர் எழுத்துதான் என்றால் அந்த எழுத்தையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடலாமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேபிள் கார் டிக்கெட்டிலும் இதே பெயர்தான் வரவேண்டும்.

ஆதார்: அசல் அட்டை, ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும் சேர்த்து. இரண்டு செட் நகல் தனியாக வேறு பையில். ஹோட்டலில் கேட்பார்கள், சோதனைச் சாவடியில் கேட்கலாம். போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்; ஏன் என்று அடுத்த பத்தியில் தெரியும்.

சிம்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். இது எனக்குத் தெரியாது. ஸ்ரீநகரில் இறங்கியபோது ஐந்து போனில் நாலு செத்துப்போயின. மச்சானின் அலுவலக எண் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அழைத்துப் போகவந்த டிரைவரிடம் கொடுத்திருந்ததோ என் எண். முக்கால் மணி நேரம் அவர் எங்களைத் தேட, நாங்கள் அவரைத் தேட. அதைவிடப் பெரிய இடி, வங்கி ஓடிபி எல்லாம் அந்தச் செத்த எண்ணுக்குத்தான் வரும். பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க வழியில்லை.

குடும்பத்துக்கு இரண்டு எண்ணையாவது, முக்கியமாக வங்கியோடு இணைத்த எண்ணை, பதினைந்து நாள் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். கிளம்பும் வாரத்தில் மாற்றப் போகாதீர்கள். மற்றவர்கள் அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே போய் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். உங்களுக்கு இருப்பதே நாலு நாள், அதில் அரை நாளை அதற்கா கொடுக்கப்போகிறீர்கள்?

இன்னொரு காகிதம்: பயணக் காப்பீடு எடுத்தால் "சாகச விளையாட்டு" சேர்ந்திருக்கிறதா என்று விதிமுறையில் தேடிப் படியுங்கள். மலிவான திட்டங்கள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் உரிமத்தை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. வழிகாட்டி கூடவே இருப்பார். இருந்தாலும் பர்ஸில் இருக்கட்டும்.

4. போகும் வழி

மதுரையிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி விமானம் இல்லை. சென்னை, பெங்களூரு, டெல்லி என்று எங்காவது மாறவேண்டும். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஐந்நூறு, ஆயிரம் மிச்சமாகும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை.

ரயில் பிரியர்களுக்கு இப்போது ஒரு வழி பிறந்திருக்கிறது. மதுரையில் சம்பர்க் கிராந்தி ஏறி டெல்லி நிஜாமுதீன், அங்கிருந்து கத்ரா, கத்ராவில் இறங்கி ஸ்ரீநகர் வந்தே பாரத். 2025 ஜூன் 6-ல் தொடங்கிய இந்த வண்டி, ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து போகிறது. போகவே நாலு நாள் ஆகிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படாது, ஓய்வு பெற்றவர்களுக்கு யோகம்.

5. உடுப்பு: பருத்தியை வீட்டில் வையுங்கள்

சுங்குடி ஊர்க்காரர்களான நமக்கு இதை ஏற்பது கஷ்டம்தான். பனியில் பருத்தி எதிரி. வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், வண்டி நின்ற இரண்டாவது நிமிடம் அந்த ஈரம் உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு அதன் மேல் எவ்வளவு தடித்த கோட்டு போட்டாலும் நடுங்குவீர்கள்.

மூன்று அடுக்கு போதும். உடம்போடு ஒட்டிய தெர்மல், பருத்தி கலக்காததாக. அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டும் பேன்ட்டும். கொடைக்கானலில் வாங்கிய பூப்போட்ட ஸ்வெட்டரை நடு அடுக்காக வேண்டுமானால் போடலாம். மேலே அதை மட்டும் போட்டுக்கொண்டு வண்டியில் போனால் காற்று சல்லடையில் புகுவது மாதிரிப் புகும்.

தெர்மல், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, காது மூடும் குல்லா: இவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். கோட்டும் பூட்ஸும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். வருடத்தில் மூன்று நாளுக்காக இங்கே பணத்தைக் கொட்டவேண்டாம். கையுறைதான் சிக்கல். மெல்லியது ஒன்று உள்ளே, தண்ணீர் புகாதது ஒன்று வெளியே என இரண்டு வேண்டும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க வராது. வெயில் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணை எரித்துவிடும். போனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தால் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். மெழுகுக் கட்டி ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். காஷ்மீரிகளும் நம்மைப் போலவே சோறு கேட்கும் ஜாதி, பருப்புப் பொடி மட்டும் எடுத்துப் போனால் போதும்.

6. டாங்மார்க்கில் இறங்க வைப்பார்கள்

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் டாங்மார்க்கிலிருந்து மலை ஏறும். பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டியையும் ஃபோர் வீல் வண்டியையும் மட்டும்தான் மேலே விடுவார்கள். உங்கள் டாக்சி அங்கேயே நின்றுவிடும், நீங்கள் உள்ளூர் வண்டிக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். டாக்சி பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: சங்கிலி இருக்கிறதா? மேலே விடாவிட்டால் அடுத்த வண்டிக் காசு யாருடையது? பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்.

பூட்ஸ், கோட்டு வாடகைக் கடைகளும் இங்கேதான். டிரைவர் எந்தக் கடை வாசலில் நிறுத்துகிறாரோ அதற்கு எதிர்க் கடைக்குப் போங்கள். பூட்ஸுக்குள் கையை விட்டு ஈரம் பாருங்கள். முந்தின நாள் யாரோ நனைத்த பூட்ஸ் காயாமலே உங்கள் காலுக்கு வரும். எங்களுக்கு பூட்ஸும் கோட்டும் சேர்த்து ஆளுக்கு 500 ரூபாய் ஆனது.

முடிந்தால் ஓர் இரவு குல்மார்க்கிலேயே தங்குங்கள். ஸ்ரீநகரிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். இன்னொரு காரணம் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650. கேபிள் காரின் மேல் கட்டம் 4,000 மீட்டரை நெருங்கும். மதுரையில் காலை இட்லி சாப்பிட்டவர் மறுநாள் அங்கே நின்றால் தலை வலிக்கத்தான் செய்யும். இதய நோய் உள்ளவர்கள், முதுகுத் தண்டு பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வண்டி வேண்டவே வேண்டாம், அவ்வளவு குலுக்கும்.

7. கேபிள் கார்

முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரை. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அபர்வாட் மலை வரை. ஸ்னோமொபைலுக்கு முதல் கட்டம் போதும். கீழே புல்வெளியிலும் வண்டி ஓடும். ஆனால் மேலே கோங்டூரியில் பனி கனமாக, சுத்தமாக இருக்கும்.

டிக்கெட்டை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள். அங்கே போய் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று போன எங்கள் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. வாசலில் "டிக்கெட் இருக்கு" என்று மூன்று மடங்கு விலை சொல்பவர்களிடம் மாட்டாதீர்கள். டிக்கெட்டில் இருப்பது இன்னொருவர் பெயர். "கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்" என்பதும் பொய். காற்று அடித்தால் இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். அதற்குப் பணம் எப்போது, எப்படித் திரும்பும் என்று பதிவு செய்யும்போதே படித்துவையுங்கள்.

8. பேரம்

நேரத்தைப் பேசாதீர்கள், தூரத்தைப் பேசுங்கள். "அரை மணி" என்று பேசினால் பாதி நேரம் படம் எடுக்க நிறுத்துவதிலேயே போகும். "அதோ அந்த மர வரிசை வரைக்கும் போய் வரவேண்டும்" என்று கையைக் காட்டிப் பேசுங்கள். நிர்ணயித்த கட்டணப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் வண்டிக்கு 5,000 கேட்டு 3,000-க்கு வந்தார்கள். பருவத்துக்குத் தக்கபடி இது ஏறும் இறங்கும். ரொக்கமாக வைத்திருங்கள்.

பணம் கொடுக்கும் முன் நாலு விஷயம் முடிவாகவேண்டும்: ஓட்டப்போவது நீங்களா பின்னால் உட்காரப்போகிறீர்களா, பேசிய பணம் ஒரு வண்டிக்கா ஓர் ஆளுக்கா, ஹெல்மெட் உண்டா, வண்டிக்குச் சேதமானால் யார் பொறுப்பு. ஹெல்மெட் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், கொண்டுவரும் வரை ஏறாதீர்கள்.

9. கட்டைவிரலால் ஓட்டவேண்டும்

இருபது வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டிய கைக்கு முறுக்குவதுதான் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் வலது கைப்பிடியை முறுக்கினேன். வண்டி அசையவில்லை. இன்னும் முறுக்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டிப் பையன் என் கட்டைவிரலைத் தட்டி, "அங்கூட்டா, அங்கூட்டா" என்றான். வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்னத் தகடு. அதைக் கட்டைவிரலால் அமுக்கினால்தான் வண்டி நகரும். அமுக்கினேன். ஏற்கனவே முறுக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் அந்த விரலுக்கு வந்துவிட, வண்டி ஒரே குதியாகக் குதித்தது.

பிரேக் இடது கையில். காலுக்கு வேலையே இல்லை, ஆபத்தும் அங்கேதான். வண்டி சாய்ந்தால் நாம் உடனே காலை ஊன்றுவோம், சிம்மக்கல் நெரிசலில் ஓட்டிய பழக்கம். ஸ்னோமொபைலில் காலை வெளியே நீட்டினால் பனியில் புதைந்து முழங்கால் திருகிக்கொள்ளும். இரண்டு காலும் பலகையிலேயே இருக்கவேண்டும். திரும்பும் பக்கமாக உடம்பைச் சாயுங்கள். கவிழ்கிறது என்றால் கட்டைவிரலை எடுத்துவிட்டு, வண்டியை விட்டுவிட்டு உருளுங்கள். பிடித்துத் தூக்கிவிடலாம் என்று நினைக்கவேண்டாம், அது 200 கிலோ.

கைப்பிடியிலிருந்து சுருள் கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியை உங்கள் கோட்டில் மாட்டுங்கள். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். பல வண்டிகளில் கயிறு இருக்கும், யாரும் மாட்டுவதில்லை. கேட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

போட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள், வழிகாட்டியே கூப்பிட்டாலும். 2023 பிப்ரவரியில் அபர்வாட் பக்கம் பனிச்சரிவில் போலந்துக்காரர் இரண்டு பேரும், 2024 பிப்ரவரியில் குல்மார்க் சரிவுகளில் ரஷ்யர் ஒருவரும் இறந்தார்கள். எல்லாரும் பனிச்சறுக்குக்காக வந்தவர்கள். நம்மைவிடப் பனி தெரிந்தவர்கள்.

10. ஆசை விடாதவர்களுக்கு

வந்தபின் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "இதை ஒண்ணு வாங்கினா என்ன?" இந்தியாவில் சொந்தமாக வாங்க நினைக்காதீர்கள். வரி, பராமரிப்பு, உதிரிபாகம் மூன்றும் சேர்ந்து ஆளைத் தின்றுவிடும், ஓட்ட இடமும் இல்லை. கனடாவில் சொந்தக்காரர் இருந்தால் அதுதான் வழி. ஒன்டாரியோவில் மட்டும் கிளப்புகள் பராமரிக்கும் தடம் சுமார் 30,000 கிலோமீட்டர். தடத்துக்கு அனுமதிச் சீட்டும் வண்டிக்குக் காப்பீடும் அங்கே கட்டாயம். வாடகைக்கு எடுப்பவர்கள் இவை வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

அங்கே எந்த வண்டி என்று கேட்பார்கள். தடத்தில் மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் பட்டை நீளம் 137 அங்குலத்துக்குள் இருக்கும் வண்டி, சுலபமாகத் திரும்பும். 150 அங்குலத்துக்கு மேல் நீண்ட பட்டையும் உயரமான பற்களும் மலைப்பனிக்கு. புதிதாக ஓட்டுபவருக்கு அது பாரம். டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, புகை நாறும். ஃபோர் ஸ்ட்ரோக் அமைதி, ஆனால் கனம். முதல் தடவைக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எடுங்கள், பதறாமல் ஓட்டலாம்.

இந்த விளையாட்டு இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு விஷயம். யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பை விடுவதாக 2023-லேயே அறிவித்துவிட்டது. இன்னொரு ஸ்னோமொபைல் கம்பெனியான ஆர்க்டிக் கேட் 2025-ல் கைமாறியது. மின்சார ஸ்னோமொபைல் கொண்டுவந்த கனடாவின் டைகா, 2024-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பேட்டரி வண்டிக்குக் கடுங்குளிரில் ஓடும் தூரம் குறையும். தனி ஆள் நாள் முழுக்கக் காட்டுக்குள் ஓட்டச் சரிவராது. ஆனால் குல்மார்க் மாதிரி ஒரே இடத்தில் அரை மணி அரை மணியாகச் சுற்றும் தொழிலுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். கோங்டூரியில் பத்து டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஒன்றாக உறுமும்போது வரும் புகையைக் குடித்தவர்கள் மறுக்கமாட்டார்கள். பனி விழுவது நிச்சயமில்லாமல் போய்க்கொண்டிருப்பதற்குத்தான் எந்தக் கம்பெனியிடமும் மருந்து இல்லை. போகிற ஆசை இருந்தால் அடுத்த வருடம் என்று தள்ளாதீர்கள்.

11. திரும்பும் நாள்

ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனை கட்டிடத்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடும். பெட்டியை இறக்கி, ஸ்கேன் செய்து, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கவேண்டும். மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பனிமூட்டத்திலும் பனிப்பொழிவிலும் விமானம் ரத்தாவது சாதாரணம், அதனால் அலுவலகத்தில் ஒரு நாள் கூடுதலாக லீவு சொல்லிவையுங்கள். திங்கட்கிழமை காலை முக்கியமான வேலையை வைத்துக்கொண்டு ஞாயிறு மாலை விமானத்தில் திரும்பாதீர்கள்.

ஊருக்கு வந்ததும் போஸ்ட்பெய்டை மறுபடி ப்ரீபெய்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். நான் மறந்து மூன்று மாதம் பில் கட்டினேன்.